காணாமற்போன மீனாம்பிகையின் அன்புத் தாயார்

பிரதீபாவை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் வேலை செய்கிற பத்திரிகைக் கந்தோரில், வாசலோடு இருக்கிற, மரண அறிவித்தல் வாங்குகிற கருமபீடம் அவளுடையது. செத்தவீட்டுக்காரர் முதலில் சந்திப்பது அவளைத்தான். அழுதுகொண்டு வருகிறவர்களைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பாள். எத்தனை பிள்ளைகள், ஆர் ஆரைக் கலியாணம் முடித்தது, கனடாவில் இருக்கிற மருமகனின் முதலெழுத்து என்ன. தட்டச்சுச் செய்து முடித்ததும் உரத்து வாசித்துக் காட்டுவாள். நான் உள்ளே மெய்ப்புப் பார்க்கிறவள். அவளிடமிருந்து வருகிற அறிவித்தலில் எனக்கு வேலையே இருக்காது.

இத்தனை குடும்பங்களை எழுதுகிறவளுக்குத் தன்னுடைய குடும்பம் தெரியாது. அதை அவள் மறைத்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் வடகரைச் சனம் சண்டைக்குப் பயந்து ஒரே நாளில் வெளிக்கிட்டு வந்தபோது, மருதனார்மடச் சந்தையடியில் தனியே நின்று அழுத குழந்தை அவள். சண்டிலிப்பாயில் இருந்து மரக்கறி கொண்டுவந்த நடராசாவும் அவர் மனைவி நல்லம்மாவும் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பெற்றவர்கள் ஷெல்லில் செத்துப்போனார்கள் என்று நல்லம்மா சொல்லியிருந்தா. நடராசா இறந்து இருபத்துநாலு வருஷமாகிறது. பிரதீபா கலியாணம் முடித்த பிறகும் கணவன் பார்த்தீபனோடு அதே வீட்டில், நல்லம்மாவோடுதான் இருக்கிறாள். பத்திரிகைக் கந்தோர் வேலைக்குப் போகவேண்டாம் என்று நல்லம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாவாம். பஸ்ஸில் போய்வருகிற கரைச்சலுக்காக என்றுதான் பிரதீபா நினைத்தாள்.

போன வருஷம் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிபோல ஒருவர் அறிவித்தல் கொடுக்க வந்தார். நாற்பத்துநாலு வயது, வெய்யிலில் கறுத்த முகம், அவசரத்தில் மாட்டின வெள்ளைச் சேட்டு. மயிலிட்டியில் கடற்றொழில் செய்கிறவர், பெயர் வாகீசன். முதல்நாள் இரவு தாய் இறந்துவிட்டா. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிரதீபா அதைப் பார்த்துத் தட்டச்சுச் செய்தாள். கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிக்கும்போது பொருள் மனதில் ஏறாது. வாசித்துக் காட்டும்போதுதான் ஏறியது.

"மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கதிரிப்பிள்ளை கமலாவதி திங்கட்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற கதிரிப்பிள்ளையின் அன்பு மனைவியும், வாகீசன், காணாமற்போன மீனாம்பிகை ஆகியோரின் அன்புத் தாயாரும்..."

அதில் நின்றுவிட்டாள்.

"அண்ணை, இந்த மீனாம்பிகை..."

"என்ரை தங்கச்சி. அதைக் கட்டாயம் போடோணும் பிள்ளை. ஐயா செத்த அறிவித்தலிலையும் போட்டனாங்கள். அம்மா கடைசியாக் கேட்டதும் அதைத்தான்."

"எங்கை காணாமல் போனவ?"

"தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயரேக்கை, மருதனார்மடச் சந்தியிலை. எனக்கு ஒன்பது வயசு, அவளுக்கு ரண்டு வயசு. நான்தான் அவளைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

பிரதீபா மிச்சத்தை வாசித்து முடித்தாள். அவர் கையெழுத்து வைத்தார். "கவலைப்படாதேங்கோ அண்ணை, நாளைக்குக் காலமை வந்திடும்" என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள். அவர் படியிறங்கி மோட்டார்ச் சைக்கிளை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று பிறகு நான் கேட்டேன். "தாய் செத்துப்போய் வந்து நிக்கிற மனிசனுக்குப் பிழையான கதையைச் சொல்லக்கூடாது அக்கா. முதல்லை நான் நிச்சயம் எடுக்கோணும்" என்றாள்.

அதன்பிறகு நேரே என் மேசைக்கு வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆரபி அக்கா, தொண்ணூறாம் ஆண்டுக் கட்டு எங்களிட்டை இருக்குதோ?"

பழைய பத்திரிகைகள் பின்னால் ஓர் அறையில் கிடக்கின்றன. கந்தோர் இரண்டு தரம் இடம்பெயர்ந்ததில் அழிந்தது போக, தொண்ணூறாம் ஆண்டில் மூன்று மாதத்துக் கட்டு மட்டும் மிச்சம். அந்த நாளில் அச்சுத்தாள் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலே செய்தி அடித்திருக்கும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூச்சி அரித்து, ஒன்றைப் பிரிக்க மற்றது கிழிந்தது. பிரதீபா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்து தாள் தாளாகப் பிரித்தோம். பக்க வடிவமைப்புக்குப் பொறுப்பான சிமியோன் அண்ணை கருமபீடத்தில் ஆளில்லை என்று இரண்டு தரம் வந்து கத்தினார். மூன்றாம் தரம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தானே போய்க் கருமபீடத்தில் இருந்தார்.

ஆனி முடிந்தது. ஆடியில் நாலு நாள் இதழ் இல்லை. அந்த நாலு நாளில் ஒன்றாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆவணி முதல் கிழமையில், மண்ணெண்ணெய் விநியோக அறிவித்தலுக்குக் கீழே இருந்தது.

"காணவில்லை. மயிலிட்டியைச் சேர்ந்த கதிரிப்பிள்ளை, கமலாவதி தம்பதிகளின் மகள் மீனாம்பிகை (வயது 2) கடந்த ஆனி மாதம் மருதனார்மடச் சந்தியில் தவறிவிட்டார். பச்சைச் சட்டை அணிந்திருந்தார். தாயைப் போல வலதுகாலில் இரண்டாம் மூன்றாம் விரல்கள் ஒட்டியிருக்கும். கண்டவர்கள் இணுவில் அகதிமுகாமில் உள்ள தந்தைக்கு அறிவிக்கவும்."

பிரதீபா செருப்பைக் கழற்றிவிட்டு வலதுகாலை முன்னுக்கு வைத்தாள். ஆறு வருஷம் பக்கத்தில் இருந்து வேலை செய்திருக்கிறேன். அந்த விரல்களை நான் கவனித்ததே இல்லை. இரண்டும் நுனிவரை ஒட்டியிருந்தன.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "இன்னும் பாப்பம்" என்றாள். பிழை எங்காவது அகப்படாதா என்று தேடுகிறவள் மாதிரி இருந்தாள்.

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டுக் கட்டில் வாகீசனின் பாட்டனார் இறந்த அறிவித்தல் கிடைத்தது. தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் காலமானார் என்றும், பேரப்பிள்ளைகள் வாகீசன், காணாமற்போன மீனாம்பிகை என்றும் இருந்தது. குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போயிருக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தியவை கணினியில் இருந்தன. மயிலிட்டி என்று அடித்துத் தேடினோம். இரண்டாயிரத்து நாலு மார்கழியில் தகப்பன் கதிரிப்பிள்ளையின் மரண அறிவித்தல் படத்தோடு வந்தது. நான் அந்த முகத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை அக்கா. ஆரோ ஒரு ஆள் மாதிரித்தான் இருக்கு" என்றாள். பிறகு கீழே இருந்த வரியைத் தொட்டாள். 'மல்லாகம் முகாமைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட' என்றிருந்தது.

"இந்தியாவிலை இருந்து திரும்பி வந்து மல்லாகத்திலை இருந்திருக்கினம்" என்றேன்.

"அந்த வருஷம் எனக்கு ஓ.எல். சோதினை. மல்லாகத்துக்குத்தான் ரியூசனுக்குப் போனனான். கிழமைக்கு மூண்டு நாள், சைக்கிளிலை." அதற்குப் பிறகுதான் அவளுக்கு மற்றது மனதில் பட்டது. "அம்மா மரண அறிவித்தல் ஒண்டும் விடாமல் வாசிக்கிறவ அக்கா. அப்ப பக்கத்து வீட்டிலை பேப்பர் வாங்கி வாசிப்பா. இதைப் பாத்திருப்பா."

மூன்று அறிவித்தலையும் பிரதி எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள். ஆறு மணிக்கு மரண அறிவித்தல் பக்கம் என் கைக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது.

"அக்கா, அந்த அறிவித்தலிலை 'காணாமற்போன' எண்ட சொல்லை எடுக்கேலாதோ?"

சிமியோன் அண்ணையைப் பார்த்தேன். அவருக்கு இதற்குள் எல்லாம் தெரியும். "அது அந்தக் குடும்பம் எழுதித் தந்தது, பிள்ளை. அவை வந்து சொல்லாமல் ஒரு எழுத்தும் மாத்தேலாது" என்றார். நான் அதையே அவளுக்குச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள். பக்கம் அப்படியே அச்சுக்குப் போனது.

அன்று பின்னேரம் வீட்டில் நடந்ததைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். நல்லம்மா முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாவாம். எழுபத்தெட்டு வயதிலும் சும்மா இருக்கமாட்டா. பிரதீபா பிரதிகளை முன்னால் வைத்தாள். கண்ணாடி இல்லை, நீ வாசி என்றா நல்லம்மா. பிரதீபா தொண்ணூறாம் ஆண்டு அறிவித்தலை வாசித்தாள். விரல் வரி வந்ததும் நல்லம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தா.

"ஆர் வந்தவை? உன்னைக் கேட்டு ஆர் வந்தவை?"

"ஒருத்தரும் வரேல்லை. உங்களுக்கு இது தெரியுமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"இதை நான் காணேல்லை. அந்த மூத்தபிள்ளையாராணை காணேல்லை. உன்னைக் கொண்டுவந்த கிழமையே அப்பா மற்றப் பேப்பரிலை போட்டவர், குழந்தை ஒண்டு எங்களிட்டை இருக்கெண்டு. ஊர் விதானையிட்டையும் சொன்னவர். ஒருத்தரும் வரேல்லை. இன்னொருக்காப் போடுவம் எண்டு அப்பா சொன்னவர். நான்தான் விடேல்லை."

"ஏன்?"

"அவை வந்திடுவினம் எண்ட பயம்."

பிரதீபா மூன்றாவது தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது?"

நல்லம்மா அந்தத் தாளில் இருந்த படத்தைப் பார்த்தா. "உதைப் பாத்தனான். உன்ரை சோதினை நடந்துகொண்டிருந்தது. முடியச் சொல்லுவம் எண்டு வைச்சன். முடிஞ்சுது. சொல்லேல்லை. பிறகு எப்பிடிச் சொல்லுறது? ஒவ்வொரு நாளும் பேப்பரை வாசிக்கிறனான், அடுத்ததாக ஆர் எண்டு. நீ அந்தக் கந்தோருக்குப் போனபிறகு எனக்கு ஒருநாளும் நித்திரை இல்லை."

"எனக்கு ஒரு தாய் உயிரோடை இருந்தவ, அம்மா. நேற்று வரைக்கும் இருந்தவ."

அதுவரை நல்லம்மாவுக்குக் கமலாவதி இறந்தது தெரியாது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாவாம். பிரதீபா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். பார்த்தீபன் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்தபோதும் அங்கேயே நின்றாள். போகமாட்டேன் என்றாள். செத்த மனிசிக்கு முன்னால் போய் நான்தான் மகள் என்று நிற்க ஏலாது, இந்த வீட்டிலும் இனி இருக்க ஏலாது என்றாள். பார்த்தீபன் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு எடுத்திடுவினம் பிரதீபா. அதுக்குப் பிறகு ஒருக்காலும் பாக்கேலாது. கோவத்தைப் பேந்தும் வைச்சிருக்கலாம்" என்றான்.

இரவே பிரதீபா என்னையும் துணைக்கு வரச்சொல்லியிருந்தாள். மறுநாள் ஒன்பது மணிக்கு அவர்கள் என்னை ஏற்றவந்தபோது ஓட்டோவின் பின்னால் நல்லம்மாவும் இருந்தா. வெள்ளைச் சீலை உடுத்தியிருந்தா. வரவேண்டாம் என்று பிரதீபா சொல்லியும், வெளிக்கிட்டு முதல் ஆளாக ஏறி இருந்துவிட்டாவாம். "நான் சொல்லாட்டில் அவை நம்பமாட்டினம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னா. மயிலிட்டி போய்ச் சேரும்வரை எனக்கு மடியில் அன்றைய பத்திரிகை இருந்தது. அதை விரிக்கத் துணிவில்லை.

கடற்கரைக்குக் கிட்ட, புதிதாகக் கட்டிச் சாந்து பூசாத வீடு. இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட பிறகு கட்டினது. பறைமேளம் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த ஆண்கள் கையில் எங்கள் பத்திரிகை. படலையில் வாகீசன் நின்றார். பிரதீபாவை அடையாளம் கண்டு திகைத்தார்.

"பேப்பர்க் கந்தோர்த் தங்கச்சியல்லோ? என்ன, அறிவித்தலிலை ஏதும் பிழையோ?"

பிரதீபா வாய் திறக்குமுன் நல்லம்மா முன்னுக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினா.

"தம்பி, மருதனார்மடச் சந்தியிலை நிண்ட உங்கடை தங்கச்சியை நாங்கள்தான் கொண்டுபோனனாங்கள். இதுதான் அந்தப் பிள்ளை."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். வாகீசனின் முகத்தில் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உள்ளே இருந்து அவருடைய மாமி, கதிரிப்பிள்ளையின் சகோதரி பூரணம், ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தா.

"உப்பிடி முந்தியும் ஒருத்தி வந்தவள். காணி விடுபட்ட வருஷம். அண்ணி அவளுக்குச் சோறு தீத்தி, பேந்து பொய்யெண்டு அறிஞ்சு ஒரு மாசம் படுக்கையிலை கிடந்தவ. இண்டைக்கு, இந்த நேரத்திலை வந்து நிக்கிறியளே, வெக்கமில்லையோ?"

"எனக்குக் காணி வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்றாள் பிரதீபா. அதுதான் அங்கே அவள் பேசின முதல் சொல். "பாத்திட்டுப் போறன்."

"காலைக் காட்டு" என்றா பூரணம்.

அந்தச் சனத்துக்கு நடுவில் பிரதீபா சீலையைக் கொஞ்சம் உயர்த்தி வலதுகாலை மணலில் வைத்தாள். பூரணம் குனிந்தா, முழங்காலில் இருந்தா, அந்த இரண்டு விரல்களையும் கையால் தொட்டா. தொட்டபடியே எழும்பாமல் இருந்தா. பிறகு பிரதீபாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனா. நானும் பின்னால் போனேன். பெட்டியின் கால்மாட்டில் மூடியிருந்த பட்டைப் பூரணம் விலக்கினா. பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். வலதுகாலில் பக்கத்து விரல்கள் இரண்டும் ஒட்டியிருந்தன.

சுற்றியிருந்த பெண்கள் குழறி அழுதார்கள். பிரதீபா முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வாகீசனின் சத்தம் கேட்டது. நல்லம்மாவுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எங்கை வைச்சிருந்தனீங்கள்? சண்டிலிப்பாயிலையோ? நாங்கள் பதின்மூண்டு வருஷம் மல்லாகத்திலை கிடந்தனாங்கள்! நாலு கட்டை தூரம்! ஐயா ஒவ்வொரு பள்ளிக்கூடமாப் போய் வாசல்லை நிண்டவர், தெரியுமோ?"

நல்லம்மா கூப்பின கையை இறக்கவில்லை. இரண்டு பேர் வாகீசனைப் பிடித்தார்கள். பார்த்தீபன் நல்லம்மாவுக்கு முன்னால் வந்து நின்றான். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கணம் அந்தச் செத்தவீட்டில் கடல் இரைவது மட்டும் கேட்டது. கை நீண்டுவிடும் என்றே நான் நினைத்தேன்.

பிரதீபா உள்ளே இருந்து வந்தாள். நல்லம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணை, அவவை விடுங்கோ. அவவோடை நான் கதைக்கிறன். இப்ப அம்மாவுக்கு நான் என்ன செய்யோணும், அதைச் சொல்லுங்கோ."

வாகீசன் அவளைப் பார்த்தார். கிரியை செய்கிற ஐயா நேரம் போகுது என்று மெல்ல நினைவூட்டினார். வாகீசன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவளுக்கு நொந்திருக்கும்; அவள் கையை இழுக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்குத் தலைமாட்டில் நிறுத்தினார். ஒரு கிண்ணத்தில் அரிசி நீட்டினார்கள். பிரதீபா அள்ளி, அந்த முகத்தை முதல்தரமாக நேரே பார்த்து, வாய்க்கரிசி போட்டாள். மூன்றாம் தரம் போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டாள். பதினொன்றேகாலுக்குப் பெட்டியை எடுத்தார்கள்.

இதெல்லாம் நடந்து பத்து மாதமாகிறது. பிரதீபாவின் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டது. பெயரை மாற்றவில்லை. சண்டிலிப்பாய் வீட்டைவிட்டும் போகவில்லை. முதல் இரண்டு மாதம் நல்லம்மாவோடு சோறு போடவும் மருந்து கொடுக்கவும் தேவையான சொற்களை மட்டும் கதைத்தாள். பிறகு கொஞ்சம் கூடியது. நடராசா போட்டதாகச் சொன்ன அறிவித்தலைத் தேடிப்பார்க்கட்டுமா என்று நான் கேட்டேன். அந்த மற்றப் பத்திரிகை நின்றுபோய்க் கனகாலம். ஆனாலும் கொழும்பில் பழைய இதழ்கள் கொஞ்சம் இருக்கக்கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"தேடாதேங்கோ அக்கா" என்றாள். "கிடைக்காட்டில், நான் அவவைப் பாக்கிற பார்வை வேறை மாதிரிப் போயிடும். சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறன்."

வாகீசன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். விறாந்தையில் இருந்து தங்கச்சியோடும் பார்த்தீபனோடும் கதைப்பார். கடற்றொழில், மயிலிட்டியில் இன்னும் விடாத காணிகள், மாமியின் முழங்கால் நோ. நல்லம்மா குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் வைப்பா. அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவ உள்ளே போனபிறகு எடுத்துக் குடிப்பார்.